என் தங்கையின் மரபணுவோடு நெல்லித்தோப்புக்கு

காலை ஏழு மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து நான் கொண்டுவந்தது சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். என் தங்கை மல்லிகா, அவள் கணவர், நான்கு வயது மகள் யாழினி மூவரின் மரபணுத் தகவலும் அதில் இருந்தது.

யாழினிக்கு அடிக்கடி வலிப்பு வரும். இன்னும் பேச்சு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு ஆய்வகம், தாயிடமிருந்து வந்த ஒரு மரபணு மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. ‘இருக்கலாம்’ என்ற சொல் மாமியார் முதல் மல்லிகா வரை வீட்டில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு குழந்தையே வேண்டாம் என்று மல்லிகா முடிவு செய்துவிட்டாள். அதே தகவலைப் புதுச்சேரியில் மறுபடி படிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றவர் குழந்தையின் டாக்டர்.

எட்டே காலுக்குப் பஸ் நிலையம். நெல்லித்தோப்புக்கு ஆட்டோ எண்பது ரூபாய். லேபுக்கு என்றதும், ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா என்று ஓட்டுநர் கேட்டார். இல்லை, கம்ப்யூட்டரில் நோயைப் பார்க்கிறார்கள் என்றேன். இந்தத் தெருவிலா என்று வியந்தபடி இறக்கிவிட்டார்.

ஸ்டேஷனரி கடைக்கு மேலே ஓர் அறை, நான்கு பேர், நான்கு திரைகள். வெள்ளைக் கோட்டு இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை. எங்கள் தகவலைப் படிக்கப்போகிற செல்விக்கு முப்பது வயதிருக்கும். பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். மரபணுத் தகவலைக் கணினியில் ஆராயும் உயிர்த்தகவலியலை இந்த ஊரிலேயே படித்தவர். டிஸ்கை வாங்கிக்கொண்டு மாலை வரச் சொன்னார். பெரிய மார்க்கெட்டில் கால் வலிக்கச் சுற்றினேன். எதையும் வாங்கத் தோன்றவில்லை.

மூன்றரைக்குத் திரும்பினேன். செல்வி திரையை என் பக்கம் திருப்பினார்.

“இந்த மாற்றம் ரொம்ப அரிதுன்னு எழுதியிருக்காங்க சார். அவங்க ஒப்பிட்ட பட்டியல்ல நம்ம ஆளுங்க கம்மி. இப்ப நம்ம ஆளுங்களோட மரபணுத் தகவல நம்ம நாட்டுலயே சேத்து வச்சிருக்காங்க. அதுல நல்லா இருக்கறவங்ககிட்டயே இது நிறைய இருக்கு. இது காரணம் இல்ல.”

“அப்ப எது?”

“தெரியல சார். தெரியலன்னுதான் டாக்டருக்கு எழுதப் போறேன். புதுசா தகவல் வரவர திரும்பப் பாப்பேன்.”

விடையோடு ஊர் திரும்பலாம் என்று வந்தவனுக்கு அந்தத் ‘தெரியல’ கனத்தது. ஆனாலும் அதைச் சொல்ல எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் விலங்கியல் கற்பிக்கும் கல்லூரியில் கணினித் துறை எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறது. இருபது வருடத்தில் நான் அங்கே போனது ஒருமுறை, பிரிண்ட் எடுக்க.

ஐந்து மணி பஸ்ஸில் உட்கார்ந்ததும் மல்லிகாவை அழைத்தேன். காரணம் இன்னும் தெரியவில்லை, ஆனால் அந்த மாற்றம் காரணம் இல்லை என்றேன்.

“அப்ப என்கிட்ட இருந்து வரலையாண்ணே?”

“அவங்க சொன்ன அது இல்லம்மா.”

“அத அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க” என்று போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார்.

“ரெண்டு வருசமா அவ எங்க கூட உக்காந்து சாப்பிடல தம்பி. நாங்களும் கூப்பிடல” என்றார். “இன்னைக்குக் கூப்பிடுதேன்.”