லோகநாயகி டீச்சரின் பிசகு நோட்டு

"உப்பு ஜாஸ்தின்னு சொன்னா ஆச்சா? எந்த எடத்துல பிசகுச்சுன்னு யோசிங்க" என்று சாப்பிடுகிற கணவரை நிறுத்திக் கேட்கிறார் லோகநாயகி டீச்சர்.

"நான் திங்கறவன். ஆக்குனவளக் கேளு" என்கிறார் தட்சிணாமூர்த்தி.

டீச்சர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். "போட்டமா இல்லியான்னு சந்தேகம். ரெண்டாந்தரம் போட்டுட்டேன்." பிறகுதான் மோர் வருகிறது.

கீரப்பாளையத்துப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறார். கடலூரில் பயிற்சி பெற்றபோது படித்த செயல்திட்ட முறையை மற்றவர்கள் பரீட்சையோடு மறந்தார்கள், இவர் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் பிள்ளைகள் சோப்புக் காய்ச்சுவார்கள், கோழிக்கூடு கட்டுவார்கள். முடித்ததும் பொது நோட்டில் எழுத வேண்டும்: என்ன செய்தோம், எங்கே பிசகியது, மறுமுறை எப்படிச் செய்வோம். 'பிசகவில்லை' என்றால் நோட்டு திரும்பி வரும். கோழிக்கூடு கச்சிதமாக அமைந்த வாரம் பிள்ளைகள் தவித்துப்போய், 'கோழி இல்லை' என்று எழுதினார்கள்.

போன மாதம், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கத்தரிப் பாத்திக்குத் திருப்பத் திட்டம். மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்கலாம் என்றாள் முதல் பெஞ்சு மலர்க்கொடி.

"நெல்லு வெளையுற ஊர்ல பொறந்தவடி நான். தண்ணி எங்க ஓடும்னு எனக்குத் தெரியாதா?"

தண்ணீர் தலைமையாசிரியர் சபாபதியின் அறைக்குள் ஓடியது.

மலர்க்கொடி நோட்டில் எழுதினாள்: 'டீச்சர் கண்ணாலேயே மட்டம் பார்த்தார்கள். நாங்கள் பயந்து சும்மா இருந்தோம்.' மூன்றாவது கேள்விக்கு நேரே, 'இதை டீச்சர்தான் எழுத வேண்டும்.'

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க" என்றார் சபாபதி. "நாளைக்கு சிதம்பரத்துலேருந்து டெபுடி இன்ஸ்பெக்டர் வராரு. பாத்தா வெள்ளிக்கெழம வேலையெல்லாம் நிறுத்தச் சொல்லிடுவாரு."

"கிழிச்சா, கிழிச்சதையும் எழுதுவாளுங்க சார்."

மறுநாள் நோட்டைப் புரட்டிய டெபுடி இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு தடவை படித்தார். சபாபதி கூரையைப் பார்த்தார்.

"மூணாவது காலியா இருக்கே, டீச்சர்?"

"இன்னும் எழுதல சார்."

"எழுதி வைங்க. அடுத்த தடவ வரப்ப வாய்க்காலயும் பாக்கணும்."

அவர் படியிறங்கும் முன்பே டீச்சர் முதல் பெஞ்சில் மலர்க்கொடியைத் தள்ளி உட்காரச் சொல்லி, தாமும் ஒடுங்கி உட்கார்ந்தார். பென்சிலை வாங்கி எழுதத் தொடங்கினார். பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு.