ஹாவெல் கோட்ஸியானுக்கு நடந்த இரங்கல் பூசை

ப்ராக் நகரில் பியானோ கற்றுக்கொடுத்தும் சொனாட்டா என்னும் வாத்திய இசைக்கோவைகள் எழுதியும் பிழைத்தவர் ஹாவெல் கோட்ஸியான். பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் அவர் எழுதியதை ஆசையாக வாசிப்பார்கள்; எழுதியவர் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் ஹங்கேரியின் பெஸ்ட் நகரிலிருந்து கச்சேரிக்கு அழைப்பு வந்தது. கொம்பு வாசிக்கும் நண்பன் மத்தோவுஷுடன் கிளம்பியவர், வழியில் ஒரு சத்திரத்தில் விஷக்காய்ச்சலில் விழுந்தார். கச்சேரியைத் தள்ளிவைக்கச் சொல்ல மத்தோவுஷ் மட்டும் டான்யூப் ஆற்றில் படகேறிப் போனான். வாரக்கணக்கில் நினைவு தப்பிக் கிடந்த ஹாவெல் எழுந்தபோதும் அவன் திரும்பியிருக்கவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்து இவரும் வண்டி பிடித்தார்.

ப்ராகில் இறங்கி வீட்டுக்கு நடக்கையில், தெருமுனைக் கோயிலில் யாரோ தம் இசையை வாசிப்பது கேட்டது. பூரித்துப்போய், வாசலில் மெழுகுவத்தி விற்றவளிடம் விசாரித்தார்.

“யாருக்கும்மா பூசை?”

“பியானோக்காரர் கோட்ஸியானுக்கு. ஆத்துல போயிட்டாராம், பாவம். உசுரோட இருந்தப்ப எவன் சீந்தினான்? இன்னிக்கு நிக்க எடமில்ல.”

தட்டுத்தடுமாறி உள்ளே போனார். மேல்மாடத்தில் வாத்தியக்காரர்களை நடத்திக்கொண்டிருந்த கிலியானின் கை அவரைப் பார்த்ததும் அந்தரத்தில் நின்றது. வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கறுப்புடையில் இருந்த மனைவி அப்போலெனா எழுந்து வந்து, அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு காதைப் பிடித்துத் திருகினாள்.

“ஒரு வரி எழுதிப்போட என்னய்யா கேடு உனக்கு?”

கிலியான் இருபது வருடமாக ஹாவெலை மட்டம் தட்டிவந்தவர். அழுது வீங்கிய கண்ணோடு மேலிருந்து கத்தினார். “படுபாவி, உன்னைப் பத்தி எவ்வளவு நல்லதாப் பேசித் தொலைச்சேன் தெரியுமா?”

கோயிலே சிரித்தது. மேலே பாடிக்கொண்டிருந்த டொரோத்தாவும் சிரித்தபடி படியிறங்கி ஓடிவந்தாள். மத்தோவுஷின் மனைவி அவள்.

“எங்க வீட்டுக்காரர் எங்கண்ணே? வண்டியிலயே தூங்கிட்டாரா?”

“அவன் இங்க வரலையா?” என்றார் ஹாவெல். பிறகு கிலியானைப் பார்த்து, “செத்தது நான்னு எப்படிச் சொன்னாங்க?”

“முகம் தெரியலையாம். கோட்டுக்குள்ள உன் பேரு தைச்சிருந்துச்சாம்.”

அந்தப் பெயரைத் தைத்தவள் அப்போலெனா. அவள்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். டொரோத்தா அவளையும் ஹாவெலையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் அவள் முகத்தில் ஒட்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆத்துக்காத்து குளிரும்னு கோட்டை நான்தாம்மா குடுத்தேன்” என்றார் ஹாவெல்.

“கதகதப்பா இருந்துச்சா அவருக்கு?”

“கழுத்து வரைக்கும் நானே பொத்தான் போட்டுவிட்டேன்.”

டொரோத்தா எழுந்து பாதிரியாரிடம் சொன்னாள்: “பூசை இன்னும் முடியலையே, சாமி. பேரை மாத்திச் சொல்லுங்க.”

கோயிலின் ஆர்கன் வாத்தியத்தை வாசிக்க மேலே ஏறிய ஹாவெலுக்கு விரல் ஒன்றும் ஓடவில்லை; கிலியான்தான் வாசித்தார்.

கோடையில் ஹாவெலும் டொரோத்தாவும் மத்தோவுஷைப் புதைத்திருந்த ஆற்றங்கரைக்குப் போனார்கள். கல்லறைச் சிலுவையில் ஹாவெலின் பெயர் இருந்தது. அவர் உட்கார்ந்து மண்ணைத் தோண்டி அதைப் பிடுங்கினார்.

பெஸ்டுக்கு அவர் போகவே இல்லை. பிற்காலத்தில் கொம்புக்கும் பியானோவுக்குமாக மூன்று சொனாட்டாக்கள் எழுதினார். கொம்பின் பகுதியை எழுதும்போது டொரோத்தாவைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வார். மத்தோவுஷ் வாசிக்கையில் எந்த இடத்தில் மூச்சு எடுப்பான் என்பது அவளுக்குத்தான் தெரியும்.