நிமிராத ஒரு வருஷம்

அந்த டிரேசிங் ஷீட்டின் கீழ்மூலையில் மஞ்சள் படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பிடித்தவரின் விரல். எட்டு வருஷமாக அது என் பீரோவில் இருந்தது. துடைத்தால் போய்விடும், துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

டிராயிங் ஆபீசில் எங்களுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் சார் என்றே கூப்பிட்டோம். ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தை ஷேரில் போட்டுவிட்டு, பெங்களூர் தொம்மலூர் வீட்டில் அதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அவருக்கு ஆகாது. வருஷத்துக்கு ஒரு டிரேசிங் ஷீட், அதில் மாதாமாதம் விலை போன பாதை ஒரு கோடாக. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதால் கோடு போட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். ஷீட்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைப்போம். மேலே நான் பிடிக்க, கீழ்மூலையை அவர் மனைவி பிடித்துக்கொள்வார். அவரை நான் அக்கா என்பேன். வெளிச்சத்தில் எல்லா வருஷமும் ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரியும்: ஆனியில் இறங்கி, புரட்டாசி வரை படுத்துக்கிடந்து, தீபாவளிக்கு நிமிரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வருஷம் மட்டும் நிமிரவே இல்லை. “அத்த எடுத்துடும்மா, பேஜாரா இருக்கு” என்றார் சார். நான் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

அடுத்த ஆனியில், அக்காவின் இதய வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷேர் இறங்கிக்கிடந்த நேரம். இப்போது விற்றால் ஆபரேஷனுக்குத்தான் ஆகும், பிறகு சாப்பாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, தீபாவளிக்கு விற்றால் இரண்டுக்கும் ஆகும் என்றார் சார். அன்றைக்கும் ஷீட்களை ஜன்னலில் வைத்தோம். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே மூலையைப் பிடித்திருந்தார்.

“நீதானம்மா வரஞ்ச. நிமிரும்ல?”

“நிமிரும் சார்.”

“நாலு மாசம்தான, இருந்துடுவேன்” என்றார் அக்கா.

வீட்டில் சுருட்டி வைத்திருந்த ஷீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெறும் கோழைத்தனம்.

புரட்டாசியில் அக்கா போய்விட்டார். தீபாவளிக்கு விலை ஏறியது, நாங்கள் வரைந்தபடியே. காரியமெல்லாம் முடிந்த பிறகு சார் என்னைக் கூப்பிட்டு அந்த வருஷக் கோட்டையும் போடச் சொன்னார். அக்கா போன நாளில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். அது கோட்டின் அடிமட்டத்தில் விழுந்தது. “சரியாத்தான் வந்திருக்கும்மா” என்றார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. முதலில் திட்டு வாங்க வேண்டியவள் நான்.

இப்போதும் தீபாவளி முடிந்தால் அவரிடமிருந்து போன் வரும். போய்க் கோடு போடுகிறேன். கீழ்மூலையில் செல்லோடேப் ஒட்டுகிறோம். இந்த முறை பீரோவில் இருந்த ஷீட்டையும் எடுத்துப்போய் அவர் முன்னால் விரித்தேன். நிமிராத அந்தக் கோட்டை அவர் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த மஞ்சள் ரேகைமேல் தன் கட்டைவிரலை வைத்தார்.

“இது இத்தன நாளா எங்கம்மா இருந்துச்சு?”

“எங்கிட்டதான் சார். நாந்தான் காட்டல.”

அவர் விரலை எடுக்கவில்லை.