துவைத்த சட்டையில் பூசிய ஆயில்

ஸ்கூட்டர் ஒர்க் ஷாப்பைத் தாண்டும்போது வருமே, கருகிப்போன ஆயிலின் நாற்றம், அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் என்று அவர்களுக்கும் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா வேலை பார்த்த துணி மில்லை மூடியிருந்தார்கள். மூடிவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். "நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றுதான் சொல்வார்கள். பண்டிகை கழித்துத் திறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அப்பா கிடைத்த கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய மில் சட்டைகளில், காக்கிச் சட்டைகள் அவை, கிழியாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான். கேட் திறக்கிற அன்றைக்கு வேண்டுமே என்று அம்மா அதைப் பெட்டியில் தனியாக வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளியும் மல்லேஸ்வரத்தில் இருந்த ஒரு பெரிய பள்ளியும் சேர்ந்து, பழைய மில்களைப் பற்றி ஓவியக் கண்காட்சி நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைவார்களாம், நாங்கள் வீட்டிலிருந்து மில் சாமான் கொண்டுவர வேண்டுமாம். சேர்ந்து செய்வது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்களும் நம்பினோம். கடைசியில் டிராயிங் சார், ஹாலில் துணிக்கொடி கட்டி வரிசையாகத் தொங்கவிடப் போவதாகச் சொல்லி, அப்பாக்களின் மில் சட்டைகளைக் கேட்டார்.

எங்கள் தெரு அம்மாக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் போகிற துணி, நாலு பேர் பார்க்கிற துணி என்று, சோடா போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரிக்காரரிடம் கொடுத்து, மடிப்புக் கலையாமல் அனுப்பிவைத்தார்கள். என் அம்மா தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, "பத்திரமா திருப்பி எடுத்துக்கினு வாடா" என்றாள்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அழுக்கோடதானே கேட்டேன்? இத மில் சட்டைன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

கண்காட்சி அன்று காலை ஹாலுக்குள் நுழைந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. ஒர்க் ஷாப்பிலிருந்து வேஸ்ட் ஆயிலை டின்னில் வாங்கிவந்து, எல்லாச் சட்டைகளிலும் பிரஷ்ஷால் அப்பியிருந்தார் சார். கஞ்சித் துணியில் தாரை தாரையாக இறங்கிய ஆயில், பட்டன்களில் சளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், உங்கப்பா சட்டைக்குப் பேதி புடுங்கிக்கிச்சுடா" என்றான் என் வகுப்பில் படித்த மணி. அவன் அப்பா சட்டையும் பக்கத்திலேயே அதே கதியில்தான் தொங்கியது.

சிறப்பு விருந்தினராக வந்த அம்மையார், செண்ட் போட்ட கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவ்ளோ தத்ரூபமா இருக்கு!" என்றார். நாற்றம் தாங்க முடியவில்லையாம், ஆனால் அழகாம்! எனக்கு ஆயிலைவிட அந்த செண்ட் வாசனைதான் அதிகமாகக் குமட்டியது. சார், பெற்றோர் கூட்டத்தில் நின்ற அப்பாவைத் தேடிப்பிடித்து, போட்டோவுக்காகச் சட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அன்றைக்கென்றே வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்த அப்பா, அதில் ஆயில் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றார்.

அப்பாவோடு வந்திருந்த அம்மா நேரே போய், கிளிப்பைக் கழற்றிச் சட்டையை இறக்கினாள்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்மா, கண்காட்சியே கெட்டுடும்" என்றார் சார்.

"மில்லு தொறந்தா இவரு இதத்தான் சார் போட்டுக்கினு போவணும். மெஷின் கிட்ட நின்னா ஆயில் படும், சரி. வூட்லேருந்தே பூசிக்கினா போவாங்க?"

"வுடு, சாருக்கு இன்னா தெரியும்" என்று அப்பா மெல்லச் சொன்னார்.

கறை உள்பக்கம் போகும்படி மடித்து, அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய், சோடா, எலுமிச்சை என்று எதைப் போட்டுத் தேய்த்தும், கறுப்பாக இருந்த கறை பழுப்பானதே தவிரப் போகவில்லை. ஆனாலும் இஸ்திரி போட்டு மறுபடி பெட்டியில் வைத்தாள்.

இப்போது மில் இருந்த இடத்தில், கடைகள் அடுக்கிய கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. வாசலில் ஒரு பழைய தறிக்குப் பொன் நிறப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள்; ஜனங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் பிள்ளைகள் கூப்பிட்டாலும் நான் போய் நிற்பதில்லை. கேட் இல்லை, ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு இல்லை, அந்தச் சட்டையும் இல்லை. கண்காட்சி முடிந்து சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில், அம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, யாரையும் கேட்காமல் கிழித்து, சோற்றுப் பானைக்குப் பிடிதுணியாக்கினாள். மில் இனித் திறக்காது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்று அப்பா அந்தப் பிடிதுணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.