குட்வைக்கின் செவ்வாய்க்கிழமை உடுப்பு

ஊரில் எல்லோரும் குட்வைக் மூலான்டுக்குப் பயந்தார்கள் என்று சொல்ல முடியாது. பாதிரியார் பயப்படவில்லை. அவர் ஓஸ்லோவிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

நார்வேயின் தேசிய தினமான மே பதினேழு அன்று காலையில், ஊர்வலம் கிளம்புவதற்கு முன், குட்வைக் தேவாலய வாசலில் நிற்பாள். கொடி, பேண்டு வாத்தியம், ஐஸ்கிரீம் எல்லாம் அவளைக் கடந்த பிறகுதான். பெண்கள் ஊர் உடுப்பில் வருவார்கள். சிவப்பு மேல்சட்டை, கறுப்புப் பாவாடை, ஓட்டைத் தையல் போட்ட வெள்ளை ஏப்ரன், கழுத்தடியில் வெள்ளி வில்லை. பூனாட் என்றால் அதுதான், அவ்வளவுதான். குட்வைக் உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு முறை பார்ப்பாள். பேசாமல் இருந்தால் தேறிவிட்டதாக அர்த்தம்.

"புது ஷூவா? நல்லாருக்கு. ஆபீசுக்குப் போட்டுக்கலாம்."

இதைக் கேட்ட பெண் ஊர்வலம் முடியும்வரை பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே நடப்பாள்.

குட்வைக்கின் படுக்கையறை அலமாரியில் இரும்புப் பட்டை அடித்த ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் ஊரின் கல்யாணக் கிரீடம். தங்க முலாம் பூசிய வெள்ளி. தலையை அசைத்தால் விளிம்பில் தொங்கும் இலைகள் கிணுகிணுக்கும். அந்தத் தேவாலயத்தில் தாலி மாதிரி அதுதான், மோதிரம் அப்புறம். பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பெண்கள் காப்பி குடிக்கும்போது முடிவு செய்வார்கள். கை தூக்குவதில்லை, சீட்டுப் போடுவதில்லை. "குட்வைக்கிட்டயே இருக்கட்டுமே" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நடந்து இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஆட்டுக்குத் தீனி வைப்பாள். இன்னொரு காப்பியில் அது கைமாறிவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

குட்வைக் பிறந்தது பக்கத்துப் பள்ளத்தாக்கில். அங்கே மேல்சட்டை பச்சை. இதை யாரும் அவள் முன்னால் பேசுவதில்லை.

பெர்கன் நகரத்துச் சுற்றுலாக் கம்பெனி ஒன்று குட்வைக்கின் பண்ணைக்கு ஒரு ஆளை அனுப்பியபோதுதான் வினை தொடங்கியது. "நகரமும் பண்ணையும், சிறு குழு" என்று அவர்கள் ஒரு பயணம் நடத்தினார்கள். இரண்டு நாள் பெர்கனில் மழை, மரவீடுகள், மீன் சூப். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஹார்டாங்கர் கடல்கழிக் கரையில் ஒரு பண்ணை. வந்த ஆள் குடையை மடக்காமலே சுற்றிப் பார்த்தான். டிராக்டரைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னான். புல்வெட்டும் ரோபோவைப் பூட்டிவைக்கச் சொன்னான். கூரையில் இருந்த டிவி தட்டின் மேல் பிர்ச் மரக்கிளை ஒன்றைச் சாய்த்துவைத்தான். பிறகு குட்வைக்கின் புருஷன் ஆர்ன்ஃபின் பக்கம் திரும்பினான்.

ஆர்ன்ஃபின் வாயை மூடாத மனிதர். ஆப்பிள் விலையில் ஆரம்பித்து அரசாங்கத்தில் முடிப்பார். அவருக்கு ஒரு புகையிலைப் பைப்பைக் கொடுத்து, தண்ணீரைப் பார்த்தபடி நில்லுங்கள், பேசாதீர்கள் என்றான் அந்த ஆள். வெளிநாட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பது அதைத்தானாம்.

"எவ்வளவு நேரம் பேசாம நிக்கிறது?" என்று கேட்டார் ஆர்ன்ஃபின்.

"வேன் போற வரைக்கும்."

"செத்தேன்."

குட்வைக் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் வேண்டாம் என்றால் அடுத்தது தூர்பியோர்க்கின் பண்ணை என்று தெரிந்தது. தூர்பியோர்க் அக்கரையில் இருப்பவள், கிரீடச் சாவியின் மேல் கண் வைத்திருப்பவள். குட்வைக் சம்மதித்தாள். அதற்குப் பிறகுதான் அந்த ஆள் கடைசி நிபந்தனையைச் சொன்னான். வீட்டுக்காரம்மா ஊர் உடுப்பில் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பூனாட்! வாஃபிள் மாவுக்கு நடுவில்! பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எதிரே! அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நிஜ உடுப்பைக் கறைப்படுத்த மனம் வரவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரில் தேடி, எங்கோ கடல் கடந்த ஊரில் மெஷினில் தைத்த ஒன்றை வரவழைத்தாள். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஜிப். வெள்ளி வில்லை தகரம். ஏப்ரனில் ஓட்டைத் தையல் அச்சடித்தது போல ஒரே சீராக இருந்தது.

ஆர்ன்ஃபின் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இத வேற எவளாவது போட்டுட்டு வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"மத்தவங்க போட்டா அது போலி பூனாட். நான் போட்டா வேலை உடுப்பு."

"வித்தியாசம்?"

"தெரிஞ்சுதான் நான் போடறேன்."

அவர் பைப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஊரில் ரகசியம் காப்பது சுலபம். சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். சொல்லிவிட்டுப் போவதும் அபூர்வம். வசந்தம் முழுக்க ஒவ்வொரு செவ்வாயும் வேன் வந்தது. மழைச்சட்டை போட்ட எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒரு ஆட்டைத் தடவினார்கள். ஆர்ன்ஃபினின் மௌனத்தைப் படம் பிடித்தார்கள். வாஃபிளின் மேல் பிரவுன் சீஸ் வைத்துத் தின்று, கேக் போலவும் இல்லை சீஸ் போலவும் இல்லை என்று தங்களுக்குள் ஒத்துக்கொண்டார்கள். வழிகாட்டி ஸ்டாவாங்கர் நகரத்துப் பையன். அவனுக்குத் துணிக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஜூனில் அவன் காலை உடைத்துக்கொண்டான். அடுத்த செவ்வாய் வேனிலிருந்து அவனுக்குப் பதிலாக முதலில் இறங்கியது சுன்னிவா. தூர்பியோர்க்கின் மகள்.

இரண்டு வருஷம் முன்பு மே பதினேழு அன்று சுன்னிவா பூனாட்டோடு கூலிங் கிளாஸ் போட்டு வந்தாள். வாசலில் ஊரே நின்றது.

"கண்ணுல ஆபரேஷனா, சுன்னிவா?" என்றாள் குட்வைக்.

"இல்லையே."

"அப்ப கழட்டு. கடற்கரைக்குப் போற வழி அந்தப் பக்கம்."

சிரிப்பு தேவாலயத்துக்குள்ளும் கேட்டது. சுன்னிவா ஊர்வலத்தில் நடக்கவில்லை. இலையுதிர் காலத்தில் பெர்கனுக்கு வேலைக்குப் போனாள்.

இப்போது அவள் வாசற்படியில் நின்று குட்வைக்கை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு முறை பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

குட்வைக் மாவுக் கரண்டியோடு உள்ளே திரும்பினாள். எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் வாஃபிள் அச்சின் மேல் குனிந்தாள். இடுப்புப் பக்கம் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜிப் மேலிருந்து கீழ் வரை வாய் பிளந்தது. உள்ளே பூப்போட்ட பனியன்.

"அடக் கடவுளே," என்றார் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்ன்ஃபின். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

சுன்னிவா குட்வைக்கின் பின்னால் வந்து நின்றாள். தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பிறகு குழுவைப் பார்த்து, தெளிவான ஆங்கிலத்தில், இங்கே பெண்கள் ஒருவருக்கொருவர் உடுத்திவிடுவது பழைய வழக்கம், விருந்தாளிகள் முன்னாலேயே செய்வார்கள், அது மரியாதை என்றாள். எட்டுக் கேமராக்களும் மேலே எழுந்தன. அரிசோனாவிலிருந்து வந்த பல் வைத்தியருக்குக் கண் கலங்கியது.

"பூனாட்ல ஜிப்பு, குட்வைக்?" சுன்னிவா காதருகே மெதுவாகக் கேட்டாள்.

"வேலை உடுப்பு."

"ஓ. ஜிப்பு நம்ம ஊருதா, வெளியூருதா?"

"குத்தறதுன்னா குத்து. சதையில குத்தாத."

"அசையாம இருங்க. வில்லை என்ன, தகரமா? காதுல வச்சா ரேடியோ கேக்கும் போல."

குட்வைக் அடுப்பை வெறித்தாள். வாஃபிள் கருகிக்கொண்டிருந்தது. "அம்மாகிட்ட சொல்லுவியா?"

ஊக்கு சொருகப்பட்டது. "ஆகஸ்டுல எனக்குக் கல்யாணம். இங்கதான். கிரீடம் வேணும்."

"அதுக்கென்ன, தாராளமா. நானே வச்சுவிடறேன்."

"கூலிங் கிளாஸோட."

குட்வைக் மெதுவாகத் திரும்பினாள். கேமராக்கள் இன்னும் இறங்கவில்லை. எல்லோரும் புன்னகைத்துக்கொண்டிருந்ததால் அவளும் புன்னகைத்தாள்.

ஆகஸ்டில் நல்ல வெயில். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் படகில் வந்து இறங்கினார்கள். கிரீடம் கிணுகிணுத்தது. அதற்குக் கீழே, மூக்கின் மேல், பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி. தேவாலய வாசலில் இருந்த அத்தனை பேரும் முதலில் மணப்பெண்ணைப் பார்த்தார்கள், அடுத்து குட்வைக்கை. தூர்பியோர்க்கின் முகம் ஏப்ரன் போல வெளுத்திருந்தது.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், குட்வைக்," என்றாள் அவள். "கழட்ட மாட்டேங்கறா."

குட்வைக்கின் விரல்கள் இடுப்புச் சாவியைப் பிடித்திருந்தன. மணப்பெண் கிரீடத்தைத் துளி அசைக்காமல் காத்திருந்தாள். அந்தக் கண்ணாடியில் குட்வைக் இரண்டாகத் தெரிந்தாள், சின்னதாக.

"எதுக்குக் கழட்டணும்?" என்றாள் குட்வைக்.

சாவியை விட்டுவிட்டு அவள் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தக் காலத்துல கல்யாணப்பொண்ணு படகுல வருவா. தண்ணி கண்ணாடி மாதிரி கண்ணக் கூசவைக்கும். கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்குவாங்க. இப்ப துணி இல்ல, இது இருக்கு. தெரியாதவங்கதான் குறை சொல்லுவாங்க."

பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர் தொண்டையைச் செருமினார். குட்வைக் அவர் பக்கம் திரும்பினாள். அவருக்குக் கல்யாணமாகாத மகள்கள் இருந்தார்கள், கிரீடமோ ஒன்றுதான். அவர் செருமலை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஆமா," என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி. "எங்கம்மாகூட சொல்லுவா." அதன் பிறகு மூன்று பேருக்கு ஞாபகம் வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் சுன்னிவாதான் குழுவை அழைத்து வந்தாள். உடுத்திவிடும் பழைய வழக்கம் வாராவாரம் நடந்தது. ஊக்கை அவளே கொண்டுவந்தாள்.

அடுத்த மே பதினேழு அன்று ஆறேழு பெண்கள் கூலிங் கிளாஸோடு வந்தார்கள். குட்வைக் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்தாள். பேசாமல் விட்டாள். கடைசியாக வந்த ஒரு சின்னப் பெண்ணின் கண்ணாடிக்குப் பழுப்பு நிறச் சட்டம்.

"கண்ணாடி நல்லாருக்கு," என்றாள் குட்வைக். "ஆனா நம்மளோடது கறுப்பு. பழுப்பு பக்கத்துப் பள்ளத்தாக்கோடது."

அந்தப் பெண் அதைக் கழற்றி ஏப்ரனுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். பேண்டு வாசிக்க ஆரம்பித்தது.