மேலூர் காலைப் பூசை: கோபத்தோடு ஒன்பது நாள்

நேர்ந்துகொண்டது அம்மா, எழுந்துகொண்டது நான். மே மாத லீவில், விடியுமுன் நாலரைக்கு ஆனையூரில் பஸ்ஸுக்கு நின்ற கதை இதுதான்.

அக்கா ஸ்டெல்லா மேலூரில் ஒரு பள்ளி விடுதி வார்டன். தினமும் அங்குள்ள சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகிறவள். அப்படிப் போனபோதுதான் கல் லாரி அவள் ஸ்கூட்டியில் இடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில் காலுக்கு பிளேட் வைத்தார்கள். விரல்கள் அசையவில்லை. "அவ போற கோயில்லயே ஒம்பது நாள் பூசை பாக்குறேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டார். அக்காவை விட்டு நகர முடியாததால் என்னை அனுப்பினார். கும்பிடப் போனவளைக் காப்பாத்தாத சாமி முன்னாலேயே போய் நிற்கணுமாம். பற்றிக்கொண்டு வந்தது.

ஆனையூரிலிருந்து மாட்டுத்தாவணி அரை மணி நேரம். அங்கிருந்து மேலூர் முக்கால் மணி. அந்நேரம் சீட் தாராளம்.

"என்ன மாப்ள, இம்புட்டுக் காலையில?" என்றார் கண்டக்டர்.

"பூசைக்குண்ணே."

"வாங்கவா, குடுக்கவா?"

"ஆளப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்."

ஆள் இருந்தார். கோயிலில் மொத்தமே ஐந்து பேர்: இரண்டு சிஸ்டர்கள், ஒரு பூக்கார அம்மா, நான், தூணோரம் ஒருவர். "அவருதான் லாரி ஓட்டுனவரு, சவரிமுத்து. ஜாமீன்ல வந்ததுலருந்து தினமும் வாராரு" என்று அக்காவைத் தெரிந்த ஒரு சிஸ்டர் காதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் முகம் கொடுக்காமல் தப்பிக்கலாம். வார நாளில் வழியே இல்லை. பூசை நடுவே ஒருவருக்கொருவர் கை கூப்பி 'சமாதானம்' சொல்லும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் ஃபேனுக்குச் சமாதானம் சொன்னேன். பூசை முடிந்ததும் முதலில் வெளியே வந்து, அவர் செருப்பைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். மறுநாள் மனுஷன் வெறுங்காலோடு வந்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆறாம் நாள் வாசலில் மறித்தார். நான் யாரென்று சிஸ்டர் சொல்லியிருப்பார். "தம்பி, பாப்பா காலு எப்படி இருக்கு?"

"உங்க பிரேக்கக் கேளுங்க!" கத்தியதில் புறாக்கள் பறந்தன.

"ஒரு தடவ வந்து பாத்துக்கிறட்டுமா?"

"வந்தீங்கன்னா எங்கக்கா எந்திரிச்சு மிதிக்கும்."

"மிதிக்கட்டும் தம்பி. காலு வேலை செய்யுதுன்னு ஆயிரும்ல."

சிரிப்பு வந்துவிட்டது. அவர் முன்னால் சிரித்துவிட்டேனே என்று மேலூரிலிருந்து மதுரை வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் அக்காவின் கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. டாக்டர் சிகிச்சை என்றார், அம்மா சாமி என்றார். நான் நாலு மணிக்கு அலாரம் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: மாட்டுத்தாவணியிலேயே டீ குடித்துவிடுங்கள், கோயில் பக்கத்துக் கடை ஏழுக்குத்தான் திறக்கும். செருப்பைக் கண்பார்வையில் விடுங்கள், என்னைப் போல ஆட்கள் வருவார்கள். கோபத்தோடு போகலாம், வாசலில் யாரும் தடுப்பதில்லை.

ஒன்பதாம் நாளும் சவரிமுத்து கை கூப்பினார். 'சமாதானம்' என்ற சொல் எனக்கு வரவில்லை. "கட்டைவிரல் அசஞ்சிருச்சு" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நேர்ச்சை முடிந்தது. கோபம் முடியவில்லை. உள்ளேயே வைத்தால் அம்மா மேல் பாய்கிறது. அதைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு அந்த ஒரு இடம்தான் தெரியும். நாளைக்கும் நாலரை பஸ்.