சிலமலைக் கல்யாணத்துக்கு நான் போட்ட இசை

அது எண்பதுகளின் கடைசி. போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் அண்ணன் கல்யாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருந்தான். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். நான் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சினிமாவுக்குப் போனால் முக்கியமான காட்சிகளில் கண்ணை மூடிக்கொள்வேன். பாட்டு எனக்குப் பெரிதில்லை. கதாநாயகி அழும்போது பின்னால் என்ன வாசிக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று கேட்பதுதான் என் வேலை. "துட்டக் குடுத்துட்டு உள்ள வந்து தூங்குது பாரு" என்று அண்ணன் தலையில் குட்டுவான். பின்னணி இசை போட வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். போடியில் பிறந்த பெண் அதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லைதான்.

அந்த ஆவணியில் சிலமலையில் இருந்து ஒரு விவசாயக் குடும்பம் வீடியோ எடுக்கச் சொல்லி வந்தது. வீடியோ ஆசையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. பெண்ணின் அம்மா ஆடி மழையில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனபோது சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். குறித்த முகூர்த்தத்தை மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவைக்க ஒப்பவில்லை. ஒரே மகளின் கல்யாணத்தைப் பெற்றவள் பார்க்க முடியாது. அவர் வீடு திரும்பியதும் பார்க்கட்டும் என்றுதான் இந்த வீடியோ.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணனும் படத்தை அருமையாக எடுத்திருந்தான். ஆனால் பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கிறதே என்று அவன் கேமராவை வைத்த இடத்துக்கு நேர் மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். டேப்பைப் போட்டுப் பார்த்தால் முகூர்த்தம் முழுக்க கரகரவென்று ஒரே இரைச்சல். மேளமும் இல்லை, மந்திரமும் இல்லை, ஒரு மனுசக் குரல்கூட இல்லை.

அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. "நாலு சினிமாப் பாட்ட ஏத்தி விட்ருவோம், சோலி முடிஞ்சுச்சு" என்றான். அப்போதெல்லாம் எல்லாக் கல்யாண வீடியோவிலும் அப்படித்தான் இருக்கும். நான் விடவில்லை. எனக்கு ஒரு வாய்ப்பு கொடு, நானே இசை போடுகிறேன் என்று கெஞ்சினேன். டேப் ஓட்ட அவன் வைத்திருந்த வீடியோ டெக்கில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் படம் அப்படியே இருக்கும், பழைய சத்தம் மட்டும் அழிந்து புதுச் சத்தம் பதியும்.

அந்தப் பொத்தான்தான் எனக்குப் பள்ளிக்கூடம். படம் ஓட ஓட வாசிக்க வேண்டும். விரல் தப்பினால் பின்னால் ஓட்டி அந்த இடத்திலிருந்து மறுபடி. மாலை போடும்போது ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று என்று மெட்டுகள் அமைத்தேன். பெண் தலை குனிவதற்கு ஒரு நொடி முன்னால் சுரம் இறங்கினால் மனசு கலங்குகிறது, ஒரு நொடி பிந்தினால் ஒன்றுமே இல்லை என்பதை நானாகவே கண்டுபிடித்தபோது ராத்திரி தூக்கம் வரவில்லை. புரட்டாசி முழுக்க இதே வேலையாகக் கிடந்தேன். தாலி கட்டும் இடத்தில் கீபோர்டில் இருந்த வயலின் சத்தங்கள் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். முடித்தபோது, கர்த்தர் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமை.

ஐப்பசியில் அந்த அம்மா வீடு திரும்பினார். டி.வி.யையும் டெக்கையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சிலமலைக்குப் போனோம். வாசலில் கயிற்றுக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். நான் டி.வி.யைப் பார்க்காமல் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. அடுத்தவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தேன் இருக்கு தாயி. சினிமாப் பாத்தாப்புல இருக்கு" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனா நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி இல்லையேத்தா. யாரு வீட்டுக் கல்யாணத்தையோ பாத்த மாதிரில்ல இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜீப்பில் திரும்பும்போது 'இவர்களுக்கு என்ன தெரியும்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வந்தேன். ராசிங்காபுரம் தாண்டும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. டி.வி.யில் தாலி கட்டும் காட்சி ஓடும்போது, கட்டிலில் இருந்த அந்த அம்மாவின் கை வாய்ப்பக்கம் போனது. மற்றப் பெண்களின் கைகளும் போயின. அந்த நேரம் என் வயலின்கள் ஓவென்று எழும்பவும், எல்லாக் கைகளும் மடியில் இறங்கிவிட்டன. அவர்கள் குலவை போடப் போயிருக்கிறார்கள். நான்தான் இடம் கொடுக்கவில்லை.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி போவோம்" என்றேன். அவர்கள் குலவையையும் மேளத்தையும் டேப்பில் பதிய வேண்டும் என்று சொன்னதும் அவன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டான். "கிறுக்குப் புள்ள, அந்தச் சத்தத்தப் பதிஞ்சா நீ வாசிச்சதெல்லாம் அழிஞ்சுபோகும். நம்மகிட்ட இருக்குறது ஒரே டெக்கு, காப்பி எடுக்கவும் முடியாது. யோசிச்சுத்தேன் பேசுறியா?"

யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். நான் முதன்முதலாகப் போட்ட இசை, வேறு பிரதியே கிடையாது. ஆனால் அது யாருக்காகப் போட்டது என்று கேட்டுக்கொண்டால் பதில் ஒன்றுதான் வந்தது.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கிளம்பிவிட்டோம். கல்யாணத்துக்கு வாசித்த அதே நாயனக்காரரும் தவுல்காரரும் வந்தார்கள். அய்யரும் வந்தார். டி.வி.யில் சத்தத்தை அடியோடு குறைத்து, கட்டில் பக்கத்தில் மைக்கை வைத்தோம். தவுல் மைக்கையே விழுங்கிவிடும் போலிருந்ததால் தவுல்காரரை மாட்டுக்கொட்டத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். "கல்யாணத்துக்கு வந்தவன மாட்டோட கட்டிட்டீகளே" என்று அவர் கத்தவும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதல் தடவை அந்தச் சிரிப்பிலேயே கெட்டுப்போனது.

இரண்டாம் தடவை பொத்தானை நானே அழுத்தினேன். என் மெட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்க, படத்தைப் பார்த்து அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். பெண்கள் அன்றைக்குப் போலவே கேலி பேசினார்கள். தாலி எடுத்துக் கொடுக்கும் காட்சி வந்தது. அய்யர் குரல் கொடுத்தார், கெட்டி மேளம் கிளம்பியது. பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கட்டிலையே பார்த்தார்கள்.

அந்த அம்மா முழங்கையை ஊன்றி எழுந்தார். வலியில் முகம் சுருங்கியது. பிறகு குலவை போட்டார் பாருங்கள், அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு மூச்சு எங்கே இருந்ததோ தெரியவில்லை. மற்றவர்கள் சேர்ந்துகொண்ட பிறகும் அவர் குரல்தான் மேலே நின்றது. எனக்குக் கண்ணீர் வழிந்தது. மைக்கில் பதிந்துவிடுமே என்று மூக்கைக்கூட உறிஞ்சவில்லை.

கடைசிக் காட்சி, பெண்ணை மலையில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஜீப்பில் அனுப்புவது. வண்டி சிறுத்துக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் யாருக்கும் சத்தம் போடத் தோன்றவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இதுக்கு நீ வாசி தாயி" என்று மெதுவாகச் சொன்னார். டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி நிறுத்திவிட்டு, ஜீப்பில் கிடந்த கீபோர்டை எடுத்து வந்தேன். வயலின் வேண்டாம் என்று ஒற்றைப் புல்லாங்குழல் சத்தத்தை வைத்து, ஜீப் வளைவில் மறையும்வரை வாசித்தேன்.

பொங்கலுக்கு மகள் மலையில் இருந்து இறங்கி வந்திருந்தாள். மறுபடி ஆள் அனுப்பினார்கள், டெக்கோடு போனோம். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். தாலி கட்டும் இடம் வந்தது. குலவைச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது யார் குரல் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டென்று திரும்பி, "எம்மா, நீ எப்பம்மா வந்த?" என்றாள்.

"நான் அங்கனதேன் இருந்தேன். நீதேன் குனிஞ்ச தலை நிமிரலையே" என்றார் அந்த அம்மா. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

பிறகு எனக்கும் வழி திறந்தது. இன்று என் வீட்டு அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு குறும்படங்களுக்கு இசை போடுகிறேன். வயது ஏறிய பிறகுதான் மென்பொருள் கற்றேன், என் மகன்தான் சொல்லிக்கொடுத்தான். எதை அழித்தாலும் மீட்டுக்கொள்ளலாம், நூறு வயலினை ஒரு விரலால் எழுப்பலாம். ஆனாலும் புதுப்படம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் பார்க்கிறேன். வாய்ப்பக்கம் போகும் கை ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறேன், தெரிந்தால் அந்த இடத்தில் என் இசையை எடுத்துவிடுகிறேன்.